எழுத்து அல்லாதவை

பிறர் தட்டச்சு செய்த பட்டியல்களில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கி, கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும்படி கொடுப்பது என் தொழில். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒருமுறை மட்டும் குப்பையென்று நினைத்துக் கூடுதலாகத் துடைத்துவிட்டேன். ஒரு பெண்ணுக்கு வரவேண்டிய வீடு கைநழுவப் பார்த்தது.

முதல் வரி

தி.நகர் ஜவுளிக்கடையின் வாடிக்கையாளர் பட்டியல் ஏறவே மறுத்தது. முதல் வரியைத்தான் மென்பொருள் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். அங்கே 'உ' என்று மட்டும் இருந்தது. மேனேஜர் அண்ணாச்சி பிள்ளையார் சுழி போடாமல் எந்த ஃபைலையும் தொடங்க மாட்டார். எடுத்துவிட்டுக் கொடுத்தேன். மறுநாள் புதுப் பட்டியல், மறுபடி 'உ'. நேரில் போய்க் கெஞ்சினேன்.

"சுழி போட்டதுக்கே இந்தப் பாடு படுத்துதே, போடாம இருந்தா என்னவெல்லாம் ஆயிருக்கும்னு யோசிச்சீயளா?"

தெரியாத ஒன்று

மயிலாப்பூரில் ஒரு மாமி வரன் பட்டியல் வைத்திருக்கிறார். ரோகிணி என்று தேடினால் பாதிப் பெண்கள் வரவில்லை. எங்கிருந்தோ வெட்டி ஒட்டியதில், நட்சத்திரத்தின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மாமி வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு வாரம் துடைத்தேன். மாமி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்பவும் ஒண்ணும் தெரியலை, இப்பவும் ஒண்ணும் தெரியலை. ஒரு வாரமா ஆத்துல உக்காந்துண்டு என்னதான் பண்ணிண்டிருந்தேள்?"

சத

வெறுத்துப்போய், எழுத்து அல்லாத எதையும் நீக்கு என்று ஒரே விதியாக எழுதிக்கொண்டேன். அப்போதுதான் ஒரு அரசு அலுவலகத்திலிருந்து, அடையாறு ஆற்றங்கரையிலிருந்து மாற்றப்படும் குடும்பங்களின் பட்டியல் வந்தது. அதில் பெயர் இருந்தால்தான் புது வீடு. இருமுறை பதிந்தவர்களைக் கண்டுபிடிக்க, அந்த விதிப்படி துடைத்த பெயர்களை ஒப்பிட்டேன். விதியின் கணக்கில், எழுத்தோடு ஒட்டிவரும் கால், சுழி போன்ற குறிகள் எழுத்தே இல்லை. ஒரே கதவு எண்ணில் தனித்தனிக் குடும்பமாக வாழ்ந்த ஓரகத்திகள் சீதாவும் சுதாவும், இருவருமே 'சத' ஆனார்கள். சுதா நீங்கினார்.

பட்டியல் ஒட்டிய அன்றே அவர் அந்த அலுவலகத்தில் என் எதிரில் வந்து நின்றார். "லிஸ்ட்ல சீதா கீறா, நான் இல்ல. நான் இன்னா சார் பண்ணேன்?" என்றார். அவர் பார்க்கவே பெயரைச் சேர்த்தேன். அங்கிருந்த மேலதிகாரியும் ஒப்புக்கொண்டார். சுதா நகரவில்லை.

"நான் வந்து கேட்டேன், என் பேரு கீது. கேக்கத் தெரியாம வூட்லயே குந்திக்கினு கீறாங்களே, அவங்க பேரு?"

துடைக்காத பட்டியலை முதலிலிருந்து வாய்விட்டுப் படிக்க உட்கார்ந்தேன். இத்தனை வருடத் தொழிலில் பெயர்களைப் பெயர்களாகப் படித்தது அதுவே முதல் தடவை.