இறங்காத மச்சான்

போன கிழமை கதிர்காமம் போய் வந்தேன். சைக்கிளில்! நாற்காலியைக் கண்டாலே பயமாக இருப்பதால் இந்தப் பத்தியை நின்றபடிதான் எழுதுகிறேன்.

எல்லாம் மச்சான் சலீமால் வந்தது. சாய்ந்தமருதில் தையல்கடை வைத்திருக்கிறார். என் தங்கச்சியின் புருஷன். தங்கச்சிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றிலேயே தவறிவிட்டன. மூன்றாவது பிரசவத்தில் டாக்டரே கையை விரித்த நேரம், மச்சான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று வாய்விட்டு நேர்ந்துகொண்டார்.

“யா அல்லாஹ், ரெண்டு பேரையும் தா. கதிர்காமத்துப் பள்ளிவாசலுக்குச் சைக்கிளில வாறன்... வழியில இறங்காம வாறன்!”

இறங்காமலா? அதை யார் கேட்டது?

அல்ஹம்துலில்லாஹ், தாயும் மகளும் சுகம். மச்சானுக்குத்தான் தூக்கம் போய்விட்டது. சொன்னபடி செய்யாவிட்டால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ? மௌலவியிடம் போனோம். அவர் நெடுநேரம் தாடியைத் தடவினார்.

“தொழுகைக்கு இறங்குங்க. தூக்கத்துக்கும் சுயதேவைக்கும் இறங்குங்க. மத்ததெல்லாம்... நேர்ந்தவர் பாடு!”

தங்கச்சி என்னைப் பிடித்துக்கொண்டாள். “காக்கா, இவரத் தனிய உடாதீங்க.”

ஆக, நானும் ஒரு சைக்கிளில். பொத்துவிலில் ரொட்டி வாங்கி, மச்சானுக்குப் பக்கத்தில் ஓடியோடி வாயில் ஊட்டினேன். ஓரிடத்தில் மாட்டு மந்தை வழி மறித்தது. மச்சான் மந்தையையே வட்டமடித்தார். மாடுகள் பயந்துபோய் ஒதுங்கின.

மொனராகலைக்குக் கிட்ட ஒரு சந்தியில்தான் வினை. டீக்கடை ஒன்றைக் கண்டு நான் இறங்கினேன். மச்சான் கடைக்கு முன்னால் சுற்றினார் — ஒரு கையில் ஹேண்டில், மறு கையில் டீக் கோப்பை.

சிங்கள ஊர். இப்போது ஊருக்கு ஊர் யாராவது இரவுபகலாக இறங்காமல் சைக்கிள் ஓடிச் சாதனை செய்கிறார்கள் அல்லவா? அப்படி ஒரு வீரன் தங்கள் சந்திக்கே வந்துவிட்டான் என்று சனம் நினைத்துவிட்டது! நான் டீயை முடிப்பதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் மாலை போட்டார். இன்னொருவர் லவுட்ஸ்பீக்கர் கட்டிப் பைலாப் பாட்டுப் போட்டார். சுற்றிவரக் கயிறும் கட்டிவிட்டார்கள். கயிற்றுக்குள்ளே மச்சான்!

“மச்சான், இறங்கி வாங்க!” என்று கத்தினேன்.

“இறங்கேலா! புள்ள...” என்றபடி கடந்து போனார். அடுத்த சுற்றில், “கயித்த அவுக்கச் சொல்லுங்க!” அதற்கடுத்த சுற்றில், “கெதியாச் சொல்லுங்க!”

இறங்கினால் நேர்ச்சை முறியும். சுற்றிக்கொண்டே இருந்தால் கதிர்காமம் வராது. கூட்டம் கை தட்டுகிறது... மச்சானின் கண்ணில் தண்ணீர்.

எனக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். பாய்ந்து மைக்கைப் பிடுங்கினேன்.

“கதரகம! பாரயக்! பபா!”

கதிர்காமம், நேர்ச்சை, குழந்தை. அவ்வளவுதான் வந்தது.

பைலா நின்றது. டீக்கடை முதலாளி மச்சானின் முகத்தைப் பார்த்தார். பிறகு தானே போய்க் கயிற்றை அவிழ்த்தார். இளைஞர்கள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு அடுத்த ஊரான புத்தல வரை முன்னும் பின்னும் வந்தார்கள். “பாரயக்! பாரயக்!” என்று அவர்கள் போட்ட சத்தத்தில் எதிரே வந்த பஸ்கூட ஒதுங்கி நின்றது.

கடைசியில் கதிர்காமத்துப் பள்ளிவாசல்.

“வந்தாச்சு மச்சான். இறங்குங்க.”

“இறங்கேலா.”

“நேர்ச்சைதான் முடிஞ்சுதே!”

“ஓம், முடிஞ்சுது. கால் வருகுதில்ல!”

நாலு பேர் தூக்கித்தான் இறக்கினோம். உள்ளே உட்கார்ந்து, கையேந்தி, தேம்பித் தேம்பி நெடுநேரம் துஆக் கேட்டார். பார்த்த நானும் கையேந்தி ஆமீன் சொன்னேன். தகப்பன் மனசு...

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி ஆசையாகக் கேட்டாள். “புள்ளைக்கு என்ன துஆக் கேட்டீங்க?”

மச்சான் முழித்தார். “புள்ளைக்கா? நான்... என்ட காலத் திருப்பித் தா எண்டுதான் கேட்டன்.”

சிரிக்காதீர்கள். நாம் மட்டும் என்னவாம்? பெரிதாக ஒன்றைக் கேட்கப் போய், அந்த நேரம் எது வலிக்கிறதோ அதைத்தானே கேட்டுவிட்டு வருகிறோம்!

தங்கச்சி பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

“இனி நேர்ந்தா, பஸ்ஸில வாறன் எண்டு நேருங்க!”