சித்தி ஓடிய கோ-கோ

எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில் நான் படித்த தொடக்கப் பள்ளியில் விளையாட்டுக்கென்று தனி வாத்தியார் கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வகுப்பு டீச்சரே விளையாட்டும் சொல்லித்தர வேண்டும். நான்காம் வகுப்பில் எனக்கு டீச்சராக வாய்த்தவள் என் சித்தி. அம்மாவின் தங்கை. கல்யாணமாகாமல் எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

மற்ற டீச்சர்கள் பிள்ளைகளை மைதானத்தில் அவிழ்த்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்கள். சித்தி கோ-கோ சொல்லித்தந்தாள். ஒரு முனைக்குக் கொடிக்கம்பம், மறுமுனைக்கு வேப்பமரம். நடுவே நாங்கள் ஆளுக்கொரு திசை பார்த்து வரிசையாகக் குந்தியிருப்போம். துரத்துகிறவள் யார் முதுகைத் தொட்டு ‘கோ’ என்கிறாளோ அவள் மட்டும் எழுந்து ஓட வேண்டும். நாங்களோ சத்தம் கேட்டதும் மொத்தமாக எழுந்துவிடுவோம்.

“எல்லாரும் ஒண்ணா எழுந்துக்க இது என்ன பந்தியா? உக்காருங்க” என்பாள் சித்தி.

விசிலோடு ஓரமாக நின்று சொல்வாளே தவிர, அவள் ஓடியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாவும், கையில் அர்ச்சனைக் கூடையோடு ஓர் ஆளும் பள்ளி கேட்டருகே வந்து நின்றார்கள். கோயிலுக்கு வந்தவர்கள் வழி கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். சித்தி அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“நீங்க துரத்துங்க. நான் ஓடறேன்.”

அப்படி ஓர் ஓட்டத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. வரிசைக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தாள். வேப்பமரத்தடியில் சறுக்கி விழுந்து, புடவையெல்லாம் செம்மண்ணாக எழுந்து, சிரித்துக்கொண்டே மறுபடி ஓடினாள். எனக்கும் ‘கோ’ கிடைத்தது. அவள் பின்னலின் நுனியைக்கூட என்னால் தொட முடியவில்லை. விளையாட்டைப் பார்க்க வந்தவர்களுக்கு நன்றாக ஆடிக்காட்டுகிறாள் என்று எனக்கு ஒரே பெருமை. மணி அடித்தபோது கேட்டருகே யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா சோறு போட்டுக்கொண்டே புலம்பினாள்.

“மாப்பிள்ளையோட அம்மா ஸ்கூலாண்ட வந்து பாத்தாங்களாம். பசங்களோட குதிக்கிற பொண்ணு வேணாம்னு தரகர்கிட்ட சொல்லிட்டுப் போயிட்டாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கே போவ வேணாம்னு சொன்ன இடம்டி.”

“கேம்ஸ் பீரியட்ல ஓடாம என்னாக்கா பண்றது?” என்றாள் சித்தி, தலை நிமிராமல்.

அவள் திட்டு வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

“சித்தி எப்பவும் ஓடாதும்மா. அவங்க வந்து நின்னப்புறந்தான் ஓடுச்சு.”

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். சித்தி என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். கிள்ளிய கையோடு, தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

அவளுக்காகப் பரிந்து பேசியவளை ஏன் கிள்ள வேண்டும், கிள்ளிவிட்டு அப்பளம் ஏன் தர வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் மனது மாறுவதற்குள் தின்றுவிட்டேன்.