குளக்கரைக்குப் புளியாரை

பெண் பார்க்கப் போன இடத்தில் திருச்சிப் பக்கத்து மாமனார் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "சிலோன் மலையில தண்ணிக்கு எங்க போவீங்க?" அவர் ஊரில் பெண்கள் குடத்தோடு பாதி நாள் நடப்பார்களாம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வாசல்லயே கொளம் இருக்குங்க" என்றேன். பொய்யில்லை. தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணைக்குத் தண்ணீர் எடுக்க வெட்டிய குழி ஒன்று என் வீட்டு வாசலில் இருந்தது. ஆள் இறங்கினால் இடுப்பு வரை வரும். குளம் என்றதும் அவர் மனதில் எது தோன்றியிருக்கும் என்று நான் விசாரிக்கவில்லை. எனக்குக் கல்யாண அவசரம்.

கல்யாணம் முடிந்து நான் மட்டும் முன்னால் தோட்டத்துக்குத் திரும்பினேன். சில மாதம் கழித்து என் மனைவியை அவள் அண்ணன் அழைத்துவருவதாக ஏற்பாடு. இடம் சரியில்லை என்றால் தங்கையைக் கையோடு திருப்பிக் கூட்டிவரும்படி மாமனார் அவரிடம் சொல்லியிருப்பதாக, ஊரிலிருந்து வந்த ஒருவர் வழியாகத் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குழியைக் குளமாக்கிவிடுவது என்று தீர்மானித்தேன்.

முதலில் கரையில் கல்வாழை நட்டேன். மழை கண்டதும் அது தோளுயரம் வளர்ந்து குழியையே மறைத்துவிட்டது. இருக்கிற கொஞ்சம் தண்ணீரும் தெரியாவிட்டால் எதைக் குளம் என்று காட்டுவது? கணுக்காலுக்கு மேல் வளராத செடிதான் கரைக்கு ஏற்றது என்று கண்டுபிடித்தேன். அதன் பிறகு என் மேதாவித்தனத்துக்கு அளவே இல்லை. வெலிமடைப் பாதையில் வயலோரம் மண்டிக்கிடந்த வல்லாரையை வேரோடு பெயர்த்துவந்து தண்ணீரை ஒட்டி நட்டேன். அதற்கு மேலே, சற்றுக் காய்ந்த மண்ணில், மஞ்சள் பூப் பூக்கும் புளியாரை. வண்டியில் வருகிறவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று பாதையில் நின்றும் குனிந்தும் ஒரு கண்ணை மூடியும் பார்த்தேன். தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கண்காணி அந்தப் பக்கம் வந்தவர், "ஐயாவுக்கு ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

செடிகள் படர்ந்து, கரை பச்சையும் மஞ்சளுமாக ஆனது. பார்த்துப் பார்த்து நானே மயங்கினேன்.

ஒன்றை மட்டும் மறந்துபோனேன். நான் கணக்கப்பிள்ளை. புளியாரை தேயிலைக்கு ஆகாத களை. மலையில் அது ஒரு கொடி மிஞ்சினாலும், புல் வெட்டும் ஆட்களைக் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் நிறுத்திக் கத்துவதுதான் என் உத்தியோகம்.

அப்போது ரயில் பண்டாரவளை வரைதான். அண்ணனையும் தங்கையையும் அழைத்துவர நான் அங்கே போயிருந்த நாளில், கண்காணி நல்லெண்ணத்தோடு ஆட்களை என் வாசலுக்கு அனுப்பியிருக்கிறார். எங்கள் மாட்டு வண்டி வந்து நின்றபோது தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

"புதுப் பொண்ணு வர்ற வாசலுங்க. ஒரு வேரு விடல. இனி ஐயா எங்களப் பாத்துக் கத்தவே முடியாது."

வல்லாரையையும் சேர்த்துச் சுரண்டியிருந்தார்கள். செஞ்சேற்றுக்கு நடுவே கலங்கிய தண்ணீர். எருமை புரண்டுவிட்டு எழுந்துபோன இடம்போல இருந்தது. "ரொம்ப நல்லதுங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

மச்சான் குழியைச் சுற்றி வந்தார். சுற்றி முடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

"மாப்ளே, இதுவா கொளம்?"

கல்வாழை, வல்லாரை என்று ஏதோ உளறினேன். அவளுடைய மூட்டை இன்னும் வண்டியில்தான் இருந்தது. மாட்டை அவிழ்க்கலாமா வேண்டாமா என்று வண்டிக்காரர் மச்சானின் முகத்தைப் பார்த்தார்.

அவள் வண்டியை விட்டு இறங்கிச் சேற்றுக்குள் நடந்தாள். குனிந்து இரண்டு கையாலும் அந்தத் தண்ணீரை அள்ளி முகம் கழுவினாள். சேலை ஓரமெல்லாம் சேறு.

"கொளந்தாண்ணே," என்றாள், திரும்பிப் பார்க்காமலே. "பெரிய கொளம்னே அப்பாகிட்ட சொல்லு. மூட்டைய எறக்கு."

எனக்காகப் பொய் சொல்ல ஒருத்தி வந்துவிட்டாள். மச்சானுக்கு முன்னால் ஓடிப்போய் மூட்டையை நானே இறக்கினேன்.