ஒரே இரும்பு என்று சொன்ன கத்தி

அன்னூருக்கு வடக்கே மானாவாரிக் காட்டில் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இன்று கோயமுத்தூர் கணபதியில் மூன்று பட்டறை ஷெட்டு, பின்னால் ஒரு வீடு, வாசலில் கார். யாரும் கைதூக்கி விடவில்லை. இதைச் சொன்னால் பெருமை பேசுகிறான் என்பார்கள். பேசினால் என்ன? உழைத்தவன் பேசாமல், வேடிக்கை பார்த்தவனா பேசுவான்?

ஆனால் ஷெட்டைப் பற்றிப் பேசியதைவிட, காரைப் பற்றிப் பேசியதைவிட, நான் அதிகம் பேசியது ஒரு கத்தியைப் பற்றித்தான். என் கூட்டாளி எனக்குச் செய்து கொடுத்தது.

அப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒரு வாடகை ஷெட்டில் ஒரே ஒரு லேத்தை வைத்துத் தொழில் செய்தோம். நான் லேத்து, அவன் வெல்டிங். எனக்கு ஒன்றிரண்டு வயது இளையவன். முறை எதுவும் கிடையாது, பழக்கத்தில் அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை மாப்ள என்பேன். ஒரு நாள் மிலிட்டரியில் இருந்து ஓய்வு பெற்று வந்த தாராபுரத்துக்காரர் ஒருவர் சாணை பிடிக்க ஒரு கத்தி கொண்டுவந்தார். முதுகில் ரம்பப் பல், முழங்கை நீளம். அதன் பிடியைக் கழற்றி எங்களுக்குக் காட்டினார்.

"காட்டுக்குள்ள தனியா மாட்டிக்கிட்டா உசுரக் காப்பாத்தறது இதுதானுங்க. நுனியில இருந்து பிடிக்கு அடி வரைக்கும் ஒரே இரும்பா இருக்கோணும். அலகு தனி, பிடிக்குள்ள போற கம்பி தனின்னு இருந்தா அது கத்தி இல்லீங்க, பொம்மை."

அவர் போனதும் எங்களுக்கும் ஆசை வந்துவிட்டது. இருவரும் வருசா வருசம் சித்திரையில் வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள். மலைக்கு ஆளுக்கொரு கத்தி செய்துகொள்வது என்று முடிவு செய்தோம். யோசனை என்னுடையது: அவனவன் கத்தியை அவனவன் செய்தால் அதில் என்ன இருக்கிறது? அவனுக்கு நான் செய்வேன், எனக்கு அவன் செய்யட்டும். ஈரோட்டில் பழைய இரும்புக் கடையில் லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்றைப் பொறுக்கி, பஸ்ஸில் கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு மடியில் வைத்துக் கொண்டுவந்தவனும் நான்தான். அவன் அதை இரண்டாக வெட்டி, ஒரு துண்டை என்னிடம் கொடுத்தான். நான் அதில் அவனுக்குக் கத்தி செய்தேன். அவன் எனக்குச் செய்ததை, முதுகில் ரம்பப் பல் வெட்டி, வேப்பமரப் பிடி போட்டு, மேலே நைலான் கயிறு இறுகச் சுற்றி, முடித்த பிறகுதான் கண்ணில் காட்டினான்.

"ஒரே இரும்புதானே மாப்ள?" என்று கேட்டேன்.

"உங்களுக்குச் செய்யறதுல ஒட்டுப் போடுவனுங்களா மச்சான்?" என்றான்.

அந்தக் கத்தி ஒரு தடவை என் உயிரைக் காத்தது. மலையிலிருந்து இறங்கும்போது திடீர் மழை. பாறையில் கால் வழுக்கி, பக்கத்துச் சரிவில் போய்விட்டேன். கையில் இருந்த மூங்கில் தடி எங்கோ போனது. இடுப்பிலிருந்து கத்தியை உருவி மண்ணில் குத்தினேன். நின்றது. என் பாரம் முழுக்க அந்தப் பிடியில் தொங்க, மேலிருந்து அவன் வேட்டியை அவிழ்த்துப் போட்டு என்னை இழுத்தான். இந்தக் கதையை நான் சொல்லாத கல்யாணப் பந்தி இல்லை. "ஒரே இரும்புங்க, அதனால பொழச்சேன்" என்று முடிப்பேன். கேட்கிறவர்கள் கத்தியைப் பார்க்க வேண்டும் என்பார்கள். காரில் இருக்கும், எடுத்துக் காட்டுவேன்.

நான் செய்த கத்தியை மட்டும் அவன் மலைக்கு எடுத்து வந்ததே இல்லை. கேட்டால், "நீங்க செஞ்சதுங்க, சாமி மாடத்துல வெச்சிருக்கனுங்க" என்பான். எனக்கு அதில் எவ்வளவு பெருமை!

பிறகு ஒரு நாள் பிரிந்தோம். அவனுடைய மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருசம். ஒரு வேலை கெட்டுப்போன கோபத்தில், வெளியாட்கள் இருக்கும்போதே, "நான் இல்லீன்னா நீ இன்னும் கூலிக்கு வெல்டிங் ராடு புடிச்சுட்டுதான் இருப்ப" என்று சொல்லிவிட்டேன். அவன் அடுத்த வாரம் தனி ஷெட்டு போட்டான். எங்களுக்குப் பெரிய ஆர்டர் கொடுத்துவந்த பம்பு கம்பெனிக்காரரும் அவனோடு போய்விட்டார். என் வாயால் கெட்டேன் என்றுதான் நினைத்தேன். யாருக்கும் தலை குனியாதவன் நான். சில வருசம் கழித்து அவன் வீட்டு விசேஷத்தில், பத்துப் பேர் பார்க்க அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க மச்சான், நான் எப்பவோ மறந்துட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். மறுபடியும் சேர்ந்து மலை ஏறினோம். நடுவில் முட்டிவலி, சர்க்கரை என்று நின்றுபோனது. போன மாசிக் கடைசியில் போன் செய்தான்.

"கடேசியா ஒருக்கா ஏறீரலாமுங்களா மச்சான்? ஏழு மலையும் ஏற முடியாம ரெண்டு மலையோட திரும்பீட்டாலும் சரிதானுங்க. கத்திய மறந்தறாதீங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கத்தியை எடுத்துப் பார்த்தால் வேப்பமரம் வெடித்து, கயிறு நைந்து, பிடி ஆடிக்கொண்டிருந்தது. புதுப் பிடி போட்டு அவனுக்குக் காட்டி அசத்த வேண்டும் என்று நினைத்தேன். மோட்டாருக்குள் கரண்டு தாவாமல் போடும் ஹைலம் என்ற கெட்டிப் பலகையில் நல்ல தடிமனாக ஒரு துண்டு எடுத்து வைத்தேன். தண்ணீருக்கும் வெயிலுக்கும் அசையாது. மூன்று பித்தளை ரிவெட்டும் நானே கடைந்தேன்.

"இந்த வயசுல கத்தி எதுக்குங்க? வாங்க, வெண்டைக்கா நறுக்கிக் குடுங்க" என்றாள் வீட்டுக்காரி.

"ஒரே இரும்பு அம்மணி. வெண்டைக்காய்க்கு எடுத்தா அதுக்குக் கேவலம்" என்றேன்.

பட்டறையின் பின்மூலையில் உட்கார்ந்து கயிற்றை அறுத்தேன். மரத்தை உளியால் பிளந்தேன். உள்ளே கருப்பாக ஏதோ பசை அடைத்திருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். அலகின் அகலத்துக்குப் பட்டை வரும் என்று பார்த்தால், மெல்லிசாக ஒரு கம்பி வந்தது. கட்டடம் கட்டுகிற கம்பியைவிட ஒசத்தி என்று சொல்ல முடியாது. அலகு பிடிக்குள் நுழைந்த இடத்தில், கட்டைவிரல் அகலம் தாண்டி, ஒரு வெல்டிங்.

யார் வைத்த வெல்டிங் என்று கேட்க வேண்டியதில்லை. வாடகை ஷெட்டில் அந்தக் கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தவன் நான். கடைசியில் ஒரு சின்னச் சுழி விட்டு ராடைத் தூக்குவான். அந்தச் சுழி அப்படியே இருந்தது.

ஸ்பிரிங் பட்டையில் வெல்டிங் வைத்தால், அதன் பக்கத்து இரும்பு எப்போது வேண்டுமானாலும் கண்ணாடி மாதிரி முறியும். இது அவனுக்கும் தெரியும். நான் அந்தச் சரிவில் தொங்கியதை நினைத்தேன். எப்போதோ விழாமல் தப்பிய பள்ளத்தில், அன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே விழுந்தேன்.

பிடியில்லாத கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு சரவணம்பட்டியில் அவன் வீட்டுக்குப் போனேன். போர்ட்டிகோவில் உட்கார்ந்து மலைக்கு மூங்கில் தடி சீவிக்கொண்டிருந்தான். துணியைப் பிரித்தேன்.

"வாங்க மச்சான். ஏனுங்க, பாவம், கத்தி அம்மணமா வந்திருக்குது!"

"கண்ணாடியப் போட்டுட்டு நல்லாப் பாரு."

போட்டுப் பார்த்தான். முகம் வாடும் என்று காத்திருந்தேன். சிரித்தான்.

"என்ற வெல்டிங்கப் பாருங்க! இத்தன வருசத்துல மசுரளவு விரிசல் உண்டுங்களா? உங்களயே தாங்கியிருக்குது, சும்மாவா?"

"ஒரே இரும்புன்னு சொன்னியே மாப்ள."

"அந்தப் பட்டையில நடுவ உட்டுத் தள்ளி ஒரு போல்ட்டு ஓட்டை இருந்துதுங்க. அத ஒதுக்கி வெட்டுனா ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. யாராச்சும் ஒருத்தருக்குக் குட்டைதானுங்களே."

"நீளத்த என்ற கையில குடுத்து உனக்குச் செய்யச் சொன்ன. குட்டைய எனக்கு வெச்சுக்கிட்ட. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே குட்டைய எடுத்துக்கிட்டிருப்பனே!"

"எடுத்துக்குவீங்க. அப்பறம் ஊரு பூராச் சொல்லுவீங்க, மாப்ளைக்கு உட்டுக் குடுத்தேன்னு. அதைக் காலம்பூராக் கேக்கோணுமுங்களே."

சுருக்கென்றது. பொய் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் பேச்சுக்குப் பேச்சால் பதில் சொல்லியிருக்கலாம். என் உயிரைத் தொங்கவிடுகிற இடத்தில் ஒட்டு வைத்திருக்க வேண்டாம்.

"சரி, நான் செஞ்ச கத்தியக் கொண்டா. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்."

அவன் மறுபடி தடியைச் சீவத் தொடங்கினான். பதில், காப்பி கொண்டுவந்த அவன் வீட்டுக்காரியிடமிருந்து வந்தது. அந்தம்மாவுக்குக் கள்ளம் கபடம் கிடையாது.

"அதெங்கீங்ணா இங்க இருக்குது? அப்பவே அந்தப் பம்பு கம்பெனிக்காரருக்குக் குடுத்துட்டாருங்களே! எனக்குக் கண்ணாலமாயி மொதத் தீவாளிக்குங்க. அவரும் கத்தியப் பாத்துச் சொக்கிப்போயி, நீ தனியா ஆரம்பி, ஆர்டரெல்லாம் நான் தர்றேன்னு சொல்லிப்போட்டாருன்னு, அன்னைக்கு ஊட்டுக்கு வந்து ஒரே குதியாட்டமுங்க."

"நீ உள்ள போ" என்றான் அவன்.

மொதல் தீவாளி. அப்போது அவனுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை. நான் அந்த வார்த்தையைச் சொன்னபோது பையன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். நடுவில் எத்தனை தீவாளி, எத்தனை மலை! எல்லா வருசமும் என் பக்கத்தில் நின்று, மரியாதையாக ங்க போட்டுப் பேசி, என் வாயிலிருந்து ஒரு தப்பு வார்த்தை விழட்டும் என்று காத்திருந்தான். விழும் என்று அவனுக்குத் தெரியும். என் வாயை அவன் அறிந்த அளவு யார் அறிவார்? அந்த வார்த்தைக்குத்தான் நான் பத்துப் பேர் பார்க்க மன்னிப்புக் கேட்டேன். அவனும் பெரிய மனசு பண்ணிக் கொடுத்தான். அவன் தனித் தொழிலுக்கு முதலாகப் போட்டது நான் கண் விழித்து அரம் போட்ட கத்தி.

காப்பியைத் தொடவில்லை. எழுந்தேன்.

"வர்றேனுங்க" என்றேன். அவனிடம் என் வாழ்நாளில் ங்க போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. நிமிர்ந்து பார்த்தான். அப்போதுதான் அவன் சிரிப்பு நின்றது.

கத்தியைத் தூக்கிப் போட்டிருக்கலாம். நான் அப்படிப்பட்டவன் இல்லை. மறுநாள் அந்த வெல்டிங்கைக் கம்பியோடு அறுத்துக் குப்பையில் எறிந்தேன். அலகிலிருந்தே பிடிக்கு இரும்பு எடுப்பது என்று முடிவு செய்தேன். கிரைண்டரில் தொட்டுத் தொட்டு எடுத்து, ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் முக்கினேன். சூடேறி நீலம் பாய்ந்தால் இரும்பின் உறுதி போய்விடும். முதுகிலிருந்த ரம்பப் பல்லில் பாதி பிடிக்குள் போனது. இரண்டு பக்கமும் ஹைலம் வைத்து, பித்தளை ரிவெட்டு அடித்து, மேடு பள்ளம் தெரியாமல் தேய்த்தேன். கோயமுத்தூரில் இப்படி ஒரு பிடி போட இன்னொரு ஆள் இருந்தால் காட்டுங்கள்.

"பாதியாப் போச்சுங்களே" என்றாள் வீட்டுக்காரி. ஆமாம், போயிற்று.

சித்திரைக்கு முன்னால் அவன் போன் செய்தான். முட்டிவலி என்று சொல்லிவிட்டேன். அவன் காரணம் கேட்கவில்லை.

வைகாசியில் ஒரு கல்யாணம், எங்கள் இருவருக்கும் வேண்டிய வீடு. பந்தியில் என்னை உட்காரவைத்து, எனக்கு எதிர் வரிசையில் அவனையும் உட்காரவைத்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க, அந்த மலைக் கத்திக் கதையச் சொல்லுங்க. இவங்கெல்லாம் கேட்டதில்லீங்களாம்."

நான் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

எதிரில் இருந்து அவன் தொடங்கினான். மழை, பாறை, வேட்டி, எல்லாவற்றையும் நான் சொல்வது போலவே, நான் நிறுத்துகிற இடங்களில் நிறுத்திச் சொன்னான். முடிக்கும்போது என்னைப் பார்க்காமல், அப்பளத்தை நொறுக்கியபடி சொன்னான்:

"நான் செஞ்ச கத்திங்க அது. ஒரே இரும்பு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கத்தி வெளியே காரில்தான் இருந்தது. நான் பரிமாறுகிறவரிடம் இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றச் சொன்னேன்.