வேஸ்ட் என்ற சொல்

சாதிக் மச்சான் காரில், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளி வேகம் கூட்டும் டர்போவை ஒட்டி வேஸ்ட்கேட் என்றொரு வால்வு இருந்தது. அழுத்தம் எல்லை மீறினால் அது திறந்து, இன்ஜின் புகையை டர்போவுக்கு விடாமல் வேறு வழியில் தள்ளிவிடும்.

"பேர்லயே வேஸ்ட்னு இருக்கு மாப்ள" என்று சொன்ன மச்சான், இன்னும் வேகம் வேண்டுமென்று அதைத் திறக்கவைக்கும் ரப்பர் குழாயைப் பிடுங்கி போல்ட்டால் அடைத்தான். நானும் சிரித்தேன்.

வேடசந்தூர் ரோட்டில் முன்னால் போன மில் பஸ் டிரைவரைப் பார்த்து, "ஓரமாப் போலே, வேஸ்ட்டு" என்று கத்திக்கொண்டே முந்தினோம். கார் வெறிபிடித்துப் பாய்ந்தது. அழுத்தம் தாங்காமல் இன்ஜின் வெடித்தது. சிதறிய எண்ணெய் தீப்பிடித்தது. கதவு திறக்கவில்லை.

அந்த டிரைவர்தான் இரும்புக் கம்பியால் கண்ணாடியை நொறுக்கி, தீக்குள் கைவிட்டு எங்களை இழுத்துப் போட்டார்.

"ஏலே, சாகுறதுக்கு என் கண்ணு முன்னாடிதான் எடம் கெடச்சுதா?" என்று என்னை ஓங்கி அறைந்தார்.

அவருடைய கருகிய கைத்தோல் என் கன்னத்தில் ஒட்டியிருந்தது. அந்தச் சொல் அதன்பின் என் வாயில் வந்ததில்லை.