கழற்றிய மணி

எங்கள் ஊர் சைக்கிள் போலோ அணி ஸ்ரீவில்லிபுத்தூரோடு மோதிய அந்த ஆட்டம் ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்ததாக இராஜபாளையத்தில் சிலர் சொல்கிறார்கள். தவறு. ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த அடுத்த ஞாயிறு அது. நாங்கள் போன வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதித் தார் மீது தேர்ச்சக்கரத்தின் தடம் புதிதாகக் கிடந்தது. என் மனைவி முதன்முதலாக நடுவராக நின்ற நாள் என்பதால் எனக்கு மறக்காது.

அவள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. நடுவர் தேர்வு எழுதித் தேறியவள். குதிரைப் போலோ விதிகளையும் நான்தான் தேடிப் படித்துக் காட்டினேன். குதிரைக்குப் பதில் சைக்கிள், அவ்வளவுதான், அடிப்படை ஒன்றே. அடித்த பந்து போகும் கோடுதான் சாலை. அந்தக் கோட்டில் வருகிறவனுக்கே வழி. குறுக்கே யாரும் வெட்டக்கூடாது.

எங்கள் அணிக்கு இதைப் புரியவைப்பது பெரும்பாடாக இருந்தது. எங்கள் ஊரில் மணி அடித்துவிட்டால் வழி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். வலது கையில் பந்தடிக்கும் ஸ்டிக் இருப்பதால் எல்லோரும் மணியை இடது கைப்பிடிக்கு மாற்றிக்கொண்டு, அடித்துவிட்டுக் குறுக்கே பாய்ந்தார்கள். விழுந்தால் குத்தும் எதுவும் வண்டியில் இருக்கக்கூடாது என்று சொல்லி அவள் மணிகளைக் கழற்ற வைத்தாள். பிறகு அவர்களை உட்காரவைத்துச் சொன்னாள்.

"பந்து போற பக்கம் தேர் வடம் நீளமாக் கெடக்குன்னு நெனச்சுக்கோங்க. பின்னாடி தேர் வருது. குறுக்க ஓடுவீங்களா?"

"ஓட மாட்டோம் மதினி," என்றான் என் தம்பி. அணித் தலைவன் அவன்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அணியைப் பார்த்துக்கொள்பவர் மடவார் வளாகத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய். என் மனைவியைச் சின்னப் பிள்ளையிலிருந்து அறிந்தவர். ஆட்டத்துக்கு முன் அவளை மறித்தார்.

"ஏட்டி, பொறந்தது இங்க, வாக்கப்பட்டது அங்க. இன்னைக்கு நீ எந்த ஊர்க்காரி?"

"இன்னைக்கு விசில்காரி, மாமா."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஒரு விசில் அந்தப் பக்கம் சாஞ்சாலும் அடுத்த ஆட்டத்துக்கு மதுரையிலருந்து ஆள் வருவான். சொல்லிட்டேன்."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. இரண்டு ஊர்களும் ஒப்புக்கொண்டால்தான் அவள் கையில் விசில் நிலைக்கும். அவள் தலையாட்டிவிட்டு, ஒவ்வொரு ஹெல்மெட்டின் கீழும் விரலை விட்டுப் பட்டையை இழுத்துப் பார்த்தாள். தளர்வாக இருந்த மூன்று பேரையும் நிற்கவைத்து இறுக்கிக் கட்டச் செய்தாள். அதில் இரண்டு பேர் எங்கள் ஊர்.

ஆட்டம் முடியச் செத்த நேரமே இருந்தது. இரண்டு அணிகளும் சமம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன் ஒருவன் பந்தை நீளமாக அடித்துவிட்டு அதன் பின்னாலேயே வந்தான். என் தம்பி பக்கவாட்டிலிருந்து பாய்ந்து, அவனுக்கு முன்னால் வெட்டி, பந்தைத் தட்டிக்கொண்டு போய் கோல் அடித்துவிட்டான். எங்கள் ஊர்க் கூட்டம் எழுந்து நின்றது. நானும்தான் எழுந்தேன். அவள் அதற்கு முன்பே விசில் ஊதியிருந்தாள்.

"கோல் கிடையாது. குறுக்க வந்தது தப்பு. பெனால்டி."

தம்பி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "இடிக்கவே இல்லையே மதினி. ஒரசக்கூட இல்ல."

"அவன் பிரேக் பிடிச்சான். அதான் ஒரசல. பிடிக்காம இருந்திருந்தா ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில கெடப்பீங்க. இடிச்ச பொறவு ஊதுறதுக்கு நான் எதுக்கு?"

"வீட்டு ஆளே இப்படிச் செய்யலாமா?" என்று எங்கள் பக்கமிருந்து ஒரு குரல். இன்னும் நாலைந்து குரல்கள் சேர்ந்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது தம்பி, தன் நியாயம் முழுவதையும் திரட்டிச் சொன்னான்: "நான் மணி அடிச்சேன் மதினி."

அவள் அவனையே பார்த்தாள். "கழட்டுன மணியையா?"

அவன் தன் இடது கட்டைவிரலைப் பார்த்தான். முதலில் சிரித்தது பிரேக் பிடித்த பையன். "ஆமாக்கா, எனக்குக்கூடக் கேட்டுச்சு," என்றான் அவன். பிறகு திடல் முழுக்கச் சிரித்தது. கடைசியாகத் தம்பியும் சிரித்துவிட்டுச் சைக்கிளை எடுக்கப் போனான்.

பெனால்டியில் அவர்கள் கோல் அடித்தார்கள். நாங்கள் தோற்றோம். பாய் ஒரு சொம்பு மோரை அவளிடம் நீட்டி, "மதுரைக்காரனுக்கு பஸ் காசு மிச்சம்," என்று மட்டும் சொன்னார்.

அது ஓர் ஊரின் சம்மதம். இன்னோர் ஊர், என் தம்பியின் உருவில், பஸ்ஸில் எங்களுக்கு முன் இருக்கையில் முகம் கொடுக்காமல் வந்தது. ஊர் வந்து இறங்கியதும் தம்பி கேட்டான்: "அந்த எடத்துல நான் என்னதான் செஞ்சிருக்கணும்?"

"அவன்கூடவே ஓட்டிப் போயி, தோளோட தோளு வச்சு மெல்லத் தள்ளிக் கோட்ட விட்டு எறக்கியிருக்கணும். அதுக்கு விதி எடம் குடுக்குது. முழங்கைய மட்டும் தூக்கக் கூடாது."

அவன் நடந்தபடியே என் தோளில் தன் தோளை வைத்துத் தள்ளிப் பார்த்தான். நான் சாக்கடை ஓரம் வரை போனேன்.

"இப்படியா?"

"இன்னும் மெல்ல. உங்க அண்ணன் ஹெல்மெட் போடல."

"சரி மதினி. அடுத்த ஆட்டம் நம்ம ஊர்ல. வெளியாளு யாரும் வேண்டாம்னு நானே சொல்லிருதேன். நீங்களே ஊதுங்க."

அவள் முன்னால் நடந்தாள். விசில் இன்னும் அவள் கழுத்தில் தொங்கியது. கடைத்தெரு முழுக்க அது எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று நான் அவளிடம் அதைக் கழற்றச் சொல்லவில்லை.