தட்டை விடாத கை

அத்திகிரியில் நின்று அடியார் குரலுக்குச் செவி சாய்க்கும் அருளாளா, ஆழி ஏந்திய அண்ணலே, எளியேனின் இந்தச் சில வரிகளுக்கும் முன் நின்று அருள்வாயாக.

ஆவணித் திருவோண நன்னாளாகிய இன்று, சன்னதியில் சேவித்துத் திரும்பி, என் மருமகளைப் பற்றி எழுத அமர்ந்திருக்கிறேன்.

அவள் என் கையில் முதன்முதலாக வைத்த தட்டு ஆரஞ்சு நிறத்தது. தோசைக்கல்லைவிடச் சிறியது, விளிம்பு தடித்து, அடிப்புறம் குழிந்திருந்தது. அவள் பெண்கள் பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியை. டிஸ்க் கோல்ஃப் என்ற ஆட்டத்தை ஏதோ பயிற்சி முகாமில் கற்று வந்திருந்தாள். கோல்ஃபில் பந்தை மட்டையால் அடித்துக் குழியில் வீழ்த்துவார்கள். இதில் தட்டைக் கையால் எறிந்து, சங்கிலிகள் தொங்கும் இரும்புக்கூடைக்குள் சேர்க்க வேண்டும். பட்டறையில் சொல்லி அப்படியொரு கூடையைச் செய்வித்து, காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கைக்கு அப்பால் பாலாற்று மணலில் நட்டுவைத்து, விடியற்காலையில் தானே எறிந்து பழகுவாள். என் ஒரே மகன் திடீர்க் காய்ச்சலில் எங்களை விட்டுப் போன பிறகு, வீட்டில் நாங்கள் இருவர்தாம். தனியே விட்டால் நான் காபிகூடப் போட்டுக் குடிப்பதில்லை என்று கண்டுகொண்டவள், ஒருநாள் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனாள்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை; பாசுரம் ஓதி வளர்ந்தவள். வட்டமாக ஒன்றைக் கையில் கொடுத்தால் எனக்கு வேறென்ன தோன்றும்? இரண்டு விரல்களை நிமிர்த்தி, மூலவர் கையில் ஆழி நிற்பதுபோல் தட்டைச் செங்குத்தாக ஏந்தி எறிந்தேன். அது வண்டிச்சக்கரம்போல் மணலில் உருண்டு, எருமைகள் கிடந்த பள்ளத்தில் போய் விழுந்தது. மகன் போன பின் அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

“அத்த, நீங்க பெருமாளும் இல்ல, அந்த எருமைங்க அசுரனும் இல்ல. படுக்கவெச்சிப் புடிங்க. கட்டைவிரல் மேல, மத்த நாலும் விளிம்புக்கு உள்ள. ரசம் ஊத்தின தட்டுன்னு நெனச்சிக்கோங்க.”

பிறகு உடம்பைத் திருப்பக் கற்றுக்கொடுத்தாள். வலது தோள் கூடையைப் பார்க்க வேண்டும். தட்டைப் பின்னுக்குக் கொண்டுபோய், மார்பை ஒட்டி நேராக இழுக்க வேண்டும். முதலில் இடுப்பு, அப்புறம் தோள், முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. “தறியில நாடாக்கட்டை ஓடறத பாத்திருக்கீங்கல்ல? வளையாது. அதே மாதிரி ஒரே கோட்டுல இழுங்க” என்பாள். வளைத்து இழுத்தால் தட்டு வலப்பக்கம் ஓடியது. அறுபது வயதுக்கு மேல் என் முழங்கைக்கு நேர்கோடு பழக வெகுகாலம் ஆயிற்று.

அந்நாளில்தான் அவளுடைய தலைமையாசிரியை ஒரு சம்பந்தம் சொல்லியனுப்பினார். வாலாஜாவில் ஆசிரியர், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். அத்தையைத் தனியே விட்டுவிட்டு எங்கும் போவதற்கில்லை என்று இவள் மறுத்துவிட்டாள். எதிர்வீட்டு அம்மாள் எப்படியோ அதை அறிந்துகொண்டு, நாங்கள் ஆற்றிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து வாசலில் நின்றாள். நிச்சயம் செய்வதைத் தட்டு மாற்றுதல் என்பதுதானே வழக்கம்?

“இன்னா டீச்சரம்மா, மருமவளோட தட்டு வுட்டுக்கினு வர்றீங்களா? அந்தப் பொண்ணுக்குத் தட்டு மாத்துற வயசும்மா!”

சொல் சுட்டது, உண்மையாயிருந்ததால் ஆழமாகச் சுட்டது. அன்று விளக்கேற்றியதும் மருமகளிடம், “எனக்காக நிக்காதம்மா. நான் உன்னை விட்டுட்டேன், நீ போ” என்றேன். பெருந்தன்மையாகப் பேசியதாகவே நினைத்தேன். அவள் முகம் இறுகிவிட்டது.

“வுட்டுட்டீங்களா? நான் இன்னா, கழிச்சி வுடற பொருளா அத்த?”

ஆனாலும் மறுநாள் காலை வண்டியை எடுத்தாள்; நானும் ஏறிக்கொண்டேன். மணலில் நின்று, நான் இழுத்துவந்த வேகத்தில் விரல்களைத் திறந்து தட்டை விட்டேன். அது இடப்பக்கம் சரிந்து, அருகிலேயே வீழ்ந்தது. மறுபடியும் அப்படியே. அவள் கிட்டே வந்து என் விரல்களை விளிம்போடு சேர்த்து அழுத்தினாள்.

“எதுக்கு வெரல தொறக்கறீங்க? இத நீங்க வுடவே கூடாது. இறுக்கிப் புடிச்சிக்கினு நேரா இழுங்க. அதுக்கு நேரம் வந்தா அதுவே கையிலேர்ந்து பிச்சிக்கினு போவும்.”

விடுவது என்பதிலிருந்தே வீடு என்ற சொல் பிறந்தது, விட்டவருக்கே வீடுபேறு என்று எத்தனையோ மாணவியருக்குப் பாடம் சொன்னவள் நான். பற்றியிருக்கும் கையிலிருந்தே நேராகப் புறப்பட்டுப் போக முடியும் என்பதை என் விரல்கள் அன்றுதான் அறிந்தன. இறுக்கிப் பிடித்து இழுத்தேன். தட்டு விரல்களை அதிரவைத்துப் பாய்ந்தது. கூடையில் விழவில்லை, ஆனால் சிறிதும் சாயாமல், அதைத் தாண்டி நெடுந்தூரம் போயிற்று.

அது இறங்கும்வரை பார்த்திருந்துவிட்டு அவளிடம் சொன்னேன்: “நேத்து தப்பா சொல்லிட்டேன். உன்னைப் போகச் சொல்லலம்மா. ஆடி பொறந்தா சீர் எடுத்துக்கிட்டுப் போய் அழைச்சிட்டு வர எனக்கு ஒரு பொண்ணு வேணும்.”

புதுமணப் பெண்ணை ஆடியில் அழைப்பது தாய்வீட்டின் உரிமை. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த அவளுக்கு அப்படி அழைக்க ஒருவரும் இருந்ததில்லை. என் மகனை மணந்த வருடமும் அவளுடைய ஆடி எங்கள் வீட்டிலேயே கழிந்தது. அவள் தட்டை எடுக்க நடந்தாள். திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

“வெறும் பழம், பூவோட மட்டும் வந்துடாதீங்க. புடவ வேணும்.”

“பட்டா?”

“காஞ்சிபுரத்துல இருந்துக்கினு கேக்கறீங்களே!”

தையில் திருமணம். பெற்றவர் நின்று தாரை வார்க்கும் இடத்தில் நான் நின்றேன். இந்த ஆடி பிறப்பதற்கு முன்பே வாலாஜாவுக்குச் சீர் கொண்டுபோய் அவளை அழைத்து வந்தேன். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் ஆட்டோ ஏறினோம். “எங்கம்மா போவணும்?” என்றார் ஓட்டுநர்.

“சின்ன காஞ்சிபுரம்ணா. எங்க அம்மா வூட்டுக்கு.”

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “கூட இருக்கறது அம்மாவா?”

“இல்லண்ணா, எங்க மாமியாரு.”

குழம்பிப்போன அந்த மனிதர் வண்டியைக் கிளப்பாமலே சற்று நேரம் இருந்தார். அவள் என் கையைப் பற்றிக்கொண்டு சிரித்தாள்.

இதைப் படிக்கும் உங்கள் இல்லங்களிலும் போகிறவர் நேர்வழி போகட்டும். திரும்பி வர ஒரு வாசல் திறந்திருக்கட்டும். பேரருளாளன் உங்கள் அனைவரையும் தன் கையில் வைத்துக் காப்பானாக.